மருமகளுக்கு ஒரு துரியன்

எங்கள் வீட்டில் ஒரு துரியன் பழம் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் நான் ஓரிடத்தில் நிலையாக உட்காரவில்லை. நாற்றம் ஒரு பக்கம். இன்னொரு காரணம் அப்போது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஒரு பழத்துக்குப் போய் இவன் ஏன் இப்படித் தவித்தான் என்று தோன்றும்.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஏழு வருஷம். குழந்தை இல்லை. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசைத் தாண்டி உள்ளே போனால் வருகிற புது மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. கிணற்று மோட்டாரோ போர் மோட்டாரோ எரிந்துபோனால், கருகின கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை. மனைவி கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்களோடு அம்மா. அப்பா போன பிறகு, அடி அண்ணாமலையில் இருந்த கொஞ்ச நிலத்தை மாமாவிடம் விட்டுவிட்டு எங்களிடம் வந்துவிட்டாள்.

ஐந்தாவது வருஷம் வேலூரில் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான். விந்தணு ரொம்பக் கம்மி என்றார் டாக்டர். மாத்திரை இருக்கிறது, வருஷக்கணக்கில் ஆகலாம், விடாமல் வர வேண்டும் என்றார். நான் தலையாட்டிவிட்டு ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். திரும்பி வரும் பஸ் கண்ணமங்கலத்தைத் தாண்டியது. அப்புறம் அவள்தான் பேசினாள்.

“அத்தகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க.”

“இன்னான்னு சொல்லுவ?”

“பெருசா ஒண்ணும் இல்ல, கொஞ்சம் லேட் ஆவும்னு சொன்னாங்கன்னு.”

அப்படியே சொன்னாள். அம்மா அதைக் கேட்டுவிட்டு மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். லேட் ஆகும் என்றால் யாரால் லேட் என்று அம்மா கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய கேள்வியாக அவளுக்கு அது தோன்றவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம். தண்ணீர் கேன் வந்ததென்று வெளியே போய்விட்டேன்.

வேலூருக்கும் அப்புறம் போகவில்லை. அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அந்த இரண்டு வருஷமும் அம்மா மருமகளுக்கு வைத்தியம் பார்த்தாள். யார் யாரோ சொன்ன தழைகளை அரைத்துக் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தாள். வேர்க் கசாயம் வைத்தாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பட்டினியோடு மலை சுற்ற வைத்தாள். அவள் எல்லாவற்றையும் குடித்தாள், சுற்றினாள், விடிந்ததும் பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிக்கூடம் போனாள். நான் டம்ளரைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த நிலையில்தான் அந்த ஆடி மாசம் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து வேன் பிடித்துக் குற்றாலம், திருச்செந்தூர் என்று டூர் போனார்கள். அம்மாவும் போனாள். வியாழக்கிழமை காலையில் வேன் தெருமுனைக்குத் திரும்பி வந்து நின்றபோது என் மனைவி பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு சாக்கு மூட்டையைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வாங்கிக்கொள்ளலாம் என்று நான் கையை நீட்டினேன்.

“கைய வெக்காத. குத்திடும்.”

கூடத்தில் சாக்கை விரித்தாள். உள்ளே பச்சையும் பழுப்புமாக, ஆள் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, உடம்பெல்லாம் முள். பலாப்பழத்து முள் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இது ஒவ்வொன்றும் ஆணி. கூடவே அந்த நாற்றம். அழுகின வெங்காயத்தோடு யாரோ சர்க்கரைப் பாகு காய்ச்சின மாதிரி இருந்தது.

“துரியன்டா. குத்தாலத்துல சீசனுக்குத்தான் கிடைக்குமாம். எத்தினி கடை ஏறி எறங்கினேன் தெரியுமா?” என்றாள் அம்மா. அவள் முகத்தில் பயணக் களைப்பே இல்லை. “வேன்ல வர்றப்ப இவளுங்க எல்லாம் மூக்க புடிச்சிக்கினு ஒரே கத்தல். தூக்கி மேல கேரியர்ல கட்டுங்கறாளுங்க. வெயில்ல வெம்பிப் போவாதா? யாருக்குக்கா இந்தக் கருமம்னு ஒருத்தி கேட்டா. என் மருமவளுக்குன்னேன். அதுக்கப்புறம் ஒருத்தி வாயத் தொறக்கலியே.”

எங்கள் பக்கத்தில் துரியனைப் பார்த்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களுக்கு அது ஒன்றே ஒன்றுக்கான பழம். பிள்ளை இல்லாத பெண் தின்றால் வயிறு திறக்கும் என்பார்கள். வேன் நிறைய ஆட்கள். அத்தனை பேரும் எங்கள் தெரு, அடுத்த தெரு.

மனைவி தோள் பையைச் சரிசெய்துகொண்டு, “சரிங்கத்த. சாயங்காலம் வந்து பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பழம் தானாக வாய் பிளக்க வேண்டுமாம். முன்னாலேயே வெட்டினால் ருசியும் வராது, பலனும் வராது என்று கடைக்காரன் சொல்லியிருக்கிறான். இரண்டு மூன்று நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை பள்ளி விடுமுறை. தலைக்குக் குளித்துவிட்டு வெறும் வயிற்றில் சாப்பிட வசதி. அம்மா எல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

நான் கடைக்குப் போனேன். ஒரு ஐந்து குதிரைசக்தி மோட்டார் பிரித்துக் கிடந்தது. கம்பியைச் சுருளாகச் சுற்றுகிற எங்கள் கைமெஷினில் எண் காட்டுகிற பாகம் உடைந்து ரொம்ப நாளாயிற்று, வாயால் எண்ணித்தான் சுற்ற வேண்டும். முப்பது வரைக்கும் வருவேன், அந்த இடத்தில் அம்மா சாக்கைப் பிரித்த கை ஞாபகம் வரும், முப்பத்தொன்றா முப்பத்திரண்டா என்று நின்றுபோகும். பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. நாலு தடவை அப்படி ஆனது. எழுந்து டீ குடிக்கப் போனேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பழம் அப்படியே இருந்தது. மதியம் சாப்பாட்டுக்கு ஒரு தடவை. நாலு மணிக்கு, ஸ்குரூ டிரைவரை வீட்டில் மறந்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இன்னொரு தடவை.

“இன்னாடா சும்மா சும்மா வர்ற? குஞ்சு பொரிக்குமான்னு பாக்கறியா?” என்றாள் அம்மா.

நாற்றம் மணிக்கு மணி ஏறியது. அரிசியில், துவைத்த துணியில், சாமி மாடத்தில் எல்லாம் அது இருந்தது. சமையலறையிலிருந்து தூக்கிக் குளியலறையில் வைத்தேன், அங்கே இன்னும் மோசம். வெள்ளிக்கிழமை காலையில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் நிழலில் வைத்தேன். ஒரு குரங்கு தண்ணீர்த் தொட்டி மேலிருந்து இறங்கி வந்து சாக்கை விலக்கி முகர்ந்தது. பின்னாலேயே நாலு அடி நகர்ந்து, என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தாவிப் போய்விட்டது. அம்மா மேலே வந்து பார்த்து, “பொண்ணு திங்கற பொருள குரங்கு வாய் வெக்கற எடத்துலயா வெப்பாங்க?” என்று திட்டி மறுபடி கீழே கொண்டுவந்தாள்.

அன்றைக்கு மாலை நாலரைக்குப் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். “தம்பி, உங்க வூட்டுப் பக்கம் கேஸ் லீக் ஆவுதுன்னு நெனைக்கிறேன். அம்மா கதவ தொறக்க மாட்டேங்கறாங்க. நான் கேஸ் ஏஜென்சிக்கு சொல்லிட்டேன், பயமா இருக்குப்பா.” நான் போட்டது போட்டபடி ஓடினேன். எனக்கு முன்னாலேயே ஏஜென்சி ஆள் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் குரலைக் கேட்டதும் அம்மா கதவைத் திறந்தாள். சோப்பு நுரையை டியூபிலும் ரெகுலேட்டரிலும் தடவி, குனிந்து, முட்டி போட்டுப் பார்த்தார். குமிழி ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்தவர் மூக்கைச் சுருக்கி மூலையில் இருந்த சாக்கைப் பார்த்தார்.

“சார், அது டூரியனா?”

அம்மாதான் ஆமாம் என்றாள்.

“அதான பாத்தேன். எங்க அண்ணிக்கும் எங்கம்மா வாங்கியாந்தாங்க. நல்லதும்மா. நம்பிக்கையோட குடுங்க.” வெளியே போய், வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அக்காவிடம், “கேஸ் இல்லீங்க, பழம்தான்” என்று விளக்கமாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி தெருவில் நடந்து வந்துகொண்டிருந்தாள். அக்கா அவளை நிறுத்தி, கையைப் பிடித்து, எதுவோ சொன்னார். அவள் சிரித்தபடி தலையாட்டியது எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. உள்ளே வந்தாள். பையை வைத்தாள். அம்மா பின்கட்டில் இருந்தாள்.

“இதுக்கு பேசாம ஒரு மைக் செட் கட்டியிருக்கலாம்” என்றாள், என்னைப் பார்க்காமல். “சீக்கிரம் நல்ல சேதி வரும்னு சொல்றாங்க. எங்க ஸ்கூல் ஆயாவோட தங்கச்சி அந்த வேன்ல போயிருக்கு. ஸ்டாஃப் ரூம்லயும் கேட்டுட்டாங்க.”

சனிக்கிழமை காலையில் காப்பியை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடி வாந்தி எடுத்தாள். அம்மா பின்னாலேயே போனாள். தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். அம்மா குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட பயந்த மாதிரி, “எத்தினி நாளு ஆச்சும்மா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் இல்லீங்கத்த. இந்த வாசனதான். ஒத்துக்கல.”

“ஓ” என்றாள் அம்மா. சொம்புத் தண்ணீரை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். வரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம்தான் அந்த ஆசை அவளுக்கு இருந்திருக்கும். அதை நான் பார்த்துவிட்டேன். மதியத்துக்கு மேல் கடையைச் சாத்திவிட்டு எங்கெங்கோ வண்டி ஓட்டினேன். போளூர் ரோட்டில் கொஞ்ச தூரம், திரும்பி ரயில்வே கேட் வரைக்கும், மறுபடி போளூர் ரோடு.

சாயங்காலம் மாடியில் அவள் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது போனேன்.

“அம்மாகிட்ட சொல்லிடட்டுமா?”

“இன்னாத்த?”

“வேலூர் விஷயத்த.”

அவள் ஒரு புடவையை இரண்டு பக்கமும் இழுத்து மடித்தாள். “வேணாங்க. இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது? நாளைக்கு ரெண்டு சொளை. மூக்க புடிச்சிக்கினு முழுங்கிட்டா முடிஞ்சுது.” அப்புறம், “சொல்ல வேணாம்” என்று இன்னொரு தடவையும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது பழம் அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளம் வெடித்திருந்தது. அம்மா மருமகளை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தாள். என்னைப் பழத்தைத் திறக்கச் சொன்னாள். நான் கடையிலிருந்து தோல் கையுறையும் ஒரு அகலமான உளியும் எடுத்து வந்திருந்தேன். கூடத்தில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தோம்.

முள்ளுக்கு நடுவே பார்த்தால் எதுவுமே தெரியாது. கையுறையோடு உருட்டி உருட்டிப் பார்க்கும்போதுதான், அடியிலிருந்து காம்பு வரைக்கும் லேசான கோடுகள் ஓடுவது பிடிபட்டது. முள்வரிசை அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் விலகியிருக்கும். வெடிப்பில் உளியைச் செருகித் திருகினேன். எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக விட்டது. ஈரமான கட்டையைப் பிளக்கிற சத்தம். உள்ளே வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி ஒரு படுகை. அதில் வெளிர் மஞ்சளில் மூன்று சுளை, ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருந்தன. தொட்டால் மேலே மெல்லிய தோல், அதற்கு அடியில் வெண்ணெய். இப்படி ஐந்து அறை. ஒன்றில் சுளையே இல்லை, காலி. ஒவ்வொன்றாகப் பிளந்து, சுளை உடையாமல் விரலை அடியில் கொடுத்து எடுத்துத் தட்டில் வைத்தேன். பிளந்த பிறகு நாற்றம் மாறிவிட்டது. அல்லது மூக்கு மரத்துப்போயிருக்கலாம்.

அம்மா தட்டைச் சாமி முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினாள். ஈரத்தலையில் துண்டோடு மனைவி பாயில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் எதிரில் குந்தி, பெரிய சுளையாக ஒன்றை எடுத்தாள்.

“கிழக்க பாத்துக்கோ. மனசுல ஒண்ணையும் நெனைக்காத. கொழந்தைய மட்டும் நெனச்சுக்கோ.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். அம்மாவின் கை கிட்டே போனது.

“அம்மா, அத இங்க குடு” என்றேன்.

“இரு. அவ தின்னட்டும். மிச்சம் உனக்குத்தான்.”

“அவளுக்கு வேணாம்மா. அவளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் கொற. வேலூர்ல டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு.”

அம்மா திரும்பினாள். “இன்னா பேசற நீ?”

“ரிப்போர்ட் இருக்குது. பீரோல கீழ் தட்டுல.”

அம்மா கையிலிருந்த சுளையை வாங்கி நான் வாயில் போட்டுக்கொண்டேன். அந்த ருசியை எப்படிச் சொல்வது? முதலில் பூண்டு மாதிரி ஒரு காரல், பின்னாலேயே கெட்டியாகக் காய்ச்சின பால், அதற்கும் பின்னால் ஏதோ கசப்பு. நாக்கில் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. கொட்டையைத் துப்பிவிட்டு இன்னொன்றை எடுத்தேன். பிடித்துத் தின்றேனா, பிடிக்காமல் தின்றேனா தெரியாது. நிறுத்தினால் யாராவது பேசிவிடுவார்கள் என்று தின்றேன். நாலு தின்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மருமகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியுங்கத்த.”

“தெரிஞ்சிக்கினா அந்தக் கசாயத்த எல்லாம் குடிச்ச?”

அவள் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மா எழுந்தாள். புடவையில் கையைத் துடைத்தாள், அது அவள் வழக்கமே இல்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தோம். ஒரு மணி நேரம் கழித்தும் வரவில்லை. செல்போன் டிவி மேலேயே இருந்தது.

வண்டியை எடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கோயிலுக்கு வெளியே செருப்பு விடுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லாப் புடவையும் அம்மா புடவையாகத் தெரிந்தது. அப்புறம்தான் புத்தி வந்து அடி அண்ணாமலைக்கு விட்டேன். மாமா வீட்டில் அவள் இல்லை. திரும்புகிற வழியில், பௌர்ணமிக்கு மட்டும் திறக்கிற ஒரு இளநீர்க் கடையின் காலி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறாள். மாமா வீட்டு வாசல் வரைக்கும் போய், உள்ளே போகாமல் திரும்பியிருக்கிறாள்.

வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஏம்மா இப்படி வந்துட்ட?”

“அவ மூஞ்சில முழிக்க முடியலடா.”

ரோட்டில் இரண்டு பேர் வெறுங்காலோடு மலை சுற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் தாண்டிப் போனதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“போன தை மாசம் என் தங்கச்சி பொண்ணு வளைகாப்பு. எல்லாரும் வளையல் போட்டாங்க. இவ எழுந்தா. நீ அப்புறம் போடலாம், குந்தும்மான்னு நான்தான் சொன்னேன். எல்லார் முன்னாடியும். ஞாபகம் இருக்குதா உனக்கு?”

இருந்தது.

“அப்ப நீ எங்க இருந்த?”

“அங்கதாம்மா இருந்தேன். சாப்பாடு பரிமாறிக்கினு இருந்தேன்.”

“பாத்தியா?”

“பாத்தேன்.”

அம்மா அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வண்டியில் உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்றாள். நடந்தே வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும், “டாக்டரு இன்னா சொன்னாரு? சரியாவுமாமா?” என்று கேட்டாள். மாத்திரை இருக்கிறது, வருஷக்கணக்கில் ஆகும் என்று சொன்னேன். “சாப்புடறியா?” என்றாள். இல்லை என்றேன். நின்று என்னைப் பார்த்தாள். மறுபடி நடந்தாள். ஒரு ஆட்டோ வந்ததும் அவளே கை காட்டி ஏறிக்கொண்டாள்.

வீட்டில் பழத்தோலை எல்லாம் மனைவி சாக்கில் கட்டி வெளியே வைத்திருந்தாள். ஜன்னல்கள் திறந்திருந்தன. அம்மா போய்ப் படுத்துக்கொண்டாள். நான் இவளிடம் போனேன். உண்மையைச் சொன்னால், அவள் கண் கலங்குவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன்.

“சொல்ல வேணாம்னு சொன்னேனா இல்லியா?”

“சொன்ன. ஆனா உன் வாய்கிட்ட அம்மா கொண்டாந்தப்ப என்னால பாத்துக்கினு இருக்க முடியல.”

“உங்களால முடியல. சரி. என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?” அவள் குரலை உயர்த்தவே இல்லை. வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளைக்கு விளக்குகிற மாதிரி பேசினாள். “ரெண்டு வருஷம் நான் தூக்கிக்கினு நடந்தேன். எப்ப எறக்கி வெக்கறதுன்னு நான் சொல்லணும். இப்ப அத்தைக்கு நான் யாரு? ரெண்டு வருஷம் கூடவே இருந்து பொய் சொன்னவ. நீங்க ஒரு வாய் பழத்துல நல்லவரு ஆயிட்டீங்க.”

அவள் சொன்னது சரி. நான் பேசாமல் இருந்த இரண்டு வருஷமும் தப்பு. பேசின விதமும் தப்பு. அந்த வாரம் முழுக்க அவள் என்னோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

திங்கட்கிழமை காலையில் தெருவில் தண்ணீர் லாரி வந்தது. குடத்தோடு நின்ற பெண்களில் பக்கத்து வீட்டு அக்கா, “பழம் குடுத்தாச்சாம்மா மருமகளுக்கு?” என்று கேட்டார். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா குடத்தைக் கீழே வைத்தாள்.

“அவளுக்கு இன்னாத்துக்கு? அவ நல்லாத்தான் இருக்கா. என் புள்ளைக்குத்தான் கொற. இத்தினி நாளு தெரியாம அந்தப் பொண்ண நான் பேசிட்டேன். நீங்களும் யாராவது பேசியிருந்தா இதோட விட்டுடுங்க.”

நான் துணியை வைத்துக்கொண்டு ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இவளும் கேட்டிருப்பாள். பஸ்ஸுக்கு நேரமாகியும் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

இரண்டு மூன்று மாசத்துக்கு அவர்கள் இருவரும் விருந்தாளிகள் மாதிரி நடந்துகொண்டார்கள். அம்மா எதற்கும் வாய் திறக்க மாட்டாள். இவள் எதையும் கேட்டுத்தான் செய்வாள். பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஒரு நாள் குழம்பில் உப்பு அதிகமாகிவிட்டது. அம்மா தன்னை மறந்து, “இன்னாம்மா உப்ப அள்ளிக் கொட்டி வெச்சிகிற? எவன் திம்பான் இத?” என்று பழைய குரலில் கத்திவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள். இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அப்புறம்தான் வீட்டில் சத்தம் திரும்ப வந்தது.

துரியன் தின்ற அடுத்த மாசமே நான் வேலூருக்குப் போனேன். நானே போய் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாத்திரை, ஊசி, மூன்று மாசத்துக்கு ஒரு டெஸ்ட். எண்ணிக்கை கொஞ்சம் ஏறுகிறது, அப்புறம் இறங்குகிறது. இது நடந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. குழந்தை இன்னும் இல்லை. வேறு முறை ஒன்று இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். இந்தத் தடவை அவளிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

தெருவில் தெரிந்தது கடைக்கும் வந்து சேர்ந்தது. முதல் சில மாசம், வாடிக்கைக்காரர்கள் என்னோடு பேசுகிறபோது மோட்டாரையே பார்த்துப் பேசுவதாக எனக்குத் தோன்றும். சிலர் நிஜமாகவே அப்படித்தான் பேசினார்கள். பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

போன வாரம் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கடலை போட்டிருக்கிற விவசாயி, பத்து வருஷமாக என்னிடம்தான் மோட்டார் கொண்டுவருவார். இந்தத் தடவை கையில் எதுவும் இல்லை. டீ சொன்னேன், வேண்டாம் என்றார். கடையில் இருந்த இன்னொரு ஆள் போகிற வரைக்கும் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“வேலூர்ல நீங்க பாக்கற டாக்டரு எங்க இருக்காருப்பா?”

சொன்னேன். எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், எத்தனை மணிக்கு டோக்கன், எல்லாம் சொன்னேன்.

“பையனுக்கு. கல்யாணமாகி நாலு வருஷம் ஆவுது. மருமவள அவங்க அம்மா வூட்டுக்கு அனுப்பிடலாம்னு வூட்ல பேசறாங்க.” அவர் தோள் துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தார். “இவன்கிட்ட போய் டெஸ்ட் பண்ணிக்கோன்னு நான் எப்படிச் சொல்றது?”

“இங்க அனுப்புங்க. மோட்டார் பாக்கறதுக்குன்னு சொல்லி அனுப்புங்க. நான் பேசறேன்” என்றேன்.

சரி என்று போனார். இன்னும் அந்தப் பையன் வரவில்லை. கடை வாசலில் வண்டி ஒன்று நின்றால், கையில் இருக்கிற கம்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து பார்க்கிறேன்.